சின்ன ரவையின் விலை

காலை எட்டு மணி நாற்பத்து மூன்று நிமிடத்துக்கு என் மகளிடமிருந்து ஒரு வரி வந்தது. "அம்மா, பாலத்துல ஃபோன் பாக்குறாங்க." அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

நான் அப்போது நகரத்தின் நடுவே, கியாக்டடாவில், எங்கள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து ஒரு சரக்கு ரசீதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அந்த ரசீதை முழுக்க அடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. கடைசி எண்ணைச் சரிபார்த்தேன், அச்செடுத்தேன், கோப்பில் வைத்தேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெருவுக்கு வந்து பாலத்தடிக்கு ஒரு டாக்சி பிடித்தேன்.

நாங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம், தாகேதாவில் இருக்கிறோம், நானும் அவளும். அவளுக்கு இருபத்து மூன்று வயது. வீட்டில் மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாததால், நகரத்தில் ஜெனரேட்டர் உள்ள ஓர் இடத்தில் மேசை ஒன்றை வாடகைக்கு எடுத்து அங்கே போய் வேலை பார்ப்பாள். நான் முந்திய பஸ்ஸில் போவேன், அவள் பிந்திய பஸ்ஸில் வருவாள். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் சில நாட்கள் பஸ்ஸை நிறுத்துவார்கள், சில நாட்கள் நிறுத்த மாட்டார்கள். அன்று என் பஸ்ஸை நிறுத்தவில்லை.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இந்த ஊரில் வெளியே கிளம்புமுன் ஃபோனைச் சுத்தம் செய்வது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. தடை செய்த தளங்களைத் திறக்கிற வி.பி.என். செயலியை அழிக்க வேண்டும். முகநூலை அழிக்க வேண்டும். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். அன்று காலையும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நான் கேட்டேன், அவள் படுக்கையிலிருந்தே பதில் சொன்னாள்.

"முகநூல்?"

"அழிச்சாச்சு."

"ஊர்வலத்துல எடுத்த படம்?"

"அதுவும். அம்மா, நீங்க போலீஸ்ல சேந்திருக்கலாம்."

நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட செய்திகளை மட்டும் அழிக்கவில்லை. அவை தமிழில் இருந்தன. எங்கள் வீட்டுப் பழக்கம் அது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கேட்கக் கூடாததைத் தமிழில் சொல்வோம், மீன்காரி காதில் விழக் கூடாத விலையைத் தமிழில் பேசுவோம். அவள் வயதுப் பிள்ளைகள் தமிழைக் கேட்டுப் புரிந்துகொண்டு பர்மியத்தில் பதில் சொல்கிறவர்கள், எழுத்து தெரியாதவர்கள். நான் விடாமல் எழுத வைத்ததால் அவளுக்கு எழுத்து தெரியும். தமிழில் எழுதியது பூட்டிய பெட்டிக்குள் இருப்பது என்று நாங்கள் நினைத்தோம். அதைத் திறக்க இப்போது எல்லார் ஃபோனிலும் மொழிபெயர்க்கும் செயலி இருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். அவள் வேலையே அந்தச் செயலி செய்யும் தப்புகளைத் திருத்துவதுதான். ஆனாலும் அவற்றை அழிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அவள் வேலை இப்படி. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கட்டுரைகளை அனுப்பும். இயந்திரம் ஏற்கெனவே அவற்றைத் தமிழில் ஆக்கியிருக்கும். மனிதர் படித்தால் புரிகிற மாதிரி அவள் திருத்தித் தர வேண்டும். தலைமுடி எண்ணெய், நாய்த் தீனி, காப்பீடு, பல் கட்டும் செலவு. சந்தேகம் வந்தால் பத்தி பத்தியாக எனக்கு அனுப்புவாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் திருத்தித் திருப்பி அனுப்புவேன். அந்த வாரம் வந்த கட்டுரை ஒரு கைத்துப்பாக்கித் தோட்டாவைப் பற்றியது. உருவில் சின்னது, வேகத்தில் பெரியது. அதற்குக் கொடுக்கிற விலைக்கு அது பயன் தருகிறதா இல்லையா என்பதுதான் கட்டுரை.

அதை நான் முழுக்கப் படித்திருக்கிறேன். என்னால் இப்போதும் சொல்ல முடியும். சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டா கனமானது, மெதுவாகப் போவது, மலிவானது. இது மெலிசு. நீளத் துப்பாக்கியிலிருந்து புறப்பட்டது போலப் பறக்கும். கையை அவ்வளவாக உதறாது. பழக்கமில்லாதவரும் குறி தவறாமல் சுடலாம். துப்பாக்கியின் கைப்பிடிக்குள் நிறைய அடைக்கலாம். ஆனால் விலை மூன்று மடங்கு. அந்த வேகம் மனித உடலுக்குள் உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதில் நிபுணர்களுக்குள் சண்டை. உடலுக்குப் பதிலாக ஜெல்லிக் கட்டிகளில் சுட்டுப் பார்த்து, எவ்வளவு ஆழம் போயிற்று என்று அளந்திருந்தார்கள். ஜெல்லி என்ற இடத்தில், தேநீர்க் கடைகளில் தட்டில் வெட்டி வைத்திருக்கும் தேங்காய்ப் பால் ஜெல்லி என் கண்முன் வந்தது. அதோடு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சொல்லில் மட்டும் எங்களுக்குள் தகராறு வந்தது.

"அம்மா, 'ரவுண்ட்'ங்கிற எடத்துல மெஷின் 'ஒரு சுற்றின் விலை'ன்னு போட்டிருக்கு. கோயில் சுத்துற மாதிரி இருக்கு. என்ன போட?"

"ரவைன்னு போடு."

"ரவையா? உப்புமாவா?"

"துப்பாக்கி ரவைன்னு கேட்டதில்லையா நீ? தாத்தா அப்படித்தான் சொல்வாங்க."

"தோட்டான்னு போட்டா எல்லாருக்கும் புரியும்ல."

"ஒரே சொல்ல நாப்பது தடவ போட்டா படிக்கிறவன் தூங்கிடுவான். ரவைன்னே போடு."

போட்டாள். தலைப்பிலிருந்து முடிவு வரை ரவை. சின்ன ரவை, பெரிய ரவை, சாதாரண ரவை. தோட்டா என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பல நாள் யோசித்தேன். நல்லதாகவும் கெட்டதாகவும் யோசித்துப் பார்த்தாயிற்று.

அதே நாள் எங்கள் வார்டு அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, எரியாத தெருவிளக்குக்கு இரண்டாம் முறை நன்கொடை வாங்கிப் போயிருந்தார்கள். மகள் அதைச் சொல்லிவிட்டு, கட்டுரைக்குத் திரும்பி, "அம்மா இந்த ரவை ஒரு பெட்டி வாங்குற காசுல நாம ரெண்டு பேரும் எத்தன நாள் சாப்பிடலாம்!" என்று எழுதினாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இடது கையால் பதில் எழுதினேன்.

"வாங்கினா வார்டு ஆபிசுக்கு ஒரு பெட்டி அனுப்பு. ஆளுக்கு ஒண்ணு போதும்."

அவள் சிரிக்கும் முகம் மூன்று அனுப்பினாள். நான் சோற்றைத் தொடர்ந்தேன்.

டாக்சியில் பாலத்தடிக்குப் போகும்போது கட்டுரையைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. அது வேலை. யாரோ எழுதியது. யார் கேட்டாலும் காட்டலாம். வார்டு ஆபிசைப் பற்றிய அந்த ஒரு வரிதான் பயம். அதை எழுதியது நான், ஆனால் அது இருந்தது அவள் ஃபோனில்.

சாவடியை ஒட்டி ஒரு தகரக் கூரை அறை. மேசைக்குப் பின்னால் அதிகாரி ஒருவர். என்னைவிட நாலைந்து வயது குறைந்தவர், மூக்குக் கண்ணாடி போட்டவர், குரலை உயர்த்தாதவர். பக்கத்தில் இளம் காவலர் ஒருவர். உள்ளே இன்னொரு அறை, கதவு சாத்தியிருந்தது. மகள் அதற்குள் இருக்கிறாள் என்று நானாகவே தெரிந்துகொண்டேன். அவளுடைய குடை கதவோரம் சாய்ந்திருந்தது.

அதிகாரி அவள் ஃபோனை மேசை மேல் வைத்து, நடந்ததைப் பர்மியத்தில் சொன்னார். ஃபோனைத் திறந்ததும் துப்பாக்கிப் படம் போட்ட ஒரு பக்கம் இருந்தது. செய்திகள் எல்லாம் ஏதோ எழுத்தில் இருந்தன. மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தார்கள். ஓரிடத்தில் 'சீஸான்' என்று வந்தது. குண்டு என்று அர்த்தம். இன்னோர் இடத்தில் மாவு என்று வந்தது. அதற்குள் இணையம் போய்விட்டது.

"இவன் உங்கள் ஆள்தான்" என்று காவலரைக் காட்டினார். "தமிழ் படிக்கத் தெரியாது. கேட்டால் புரியும். நீங்கள் படியுங்கள், இவன் எனக்குச் சொல்வான்."

காவலர் என்னைப் பார்க்காமல் தமிழில் சொன்னார். "மெதுவா படிங்கம்மா. எனக்கு வீட்டுத் தமிழ்தான் வரும்."

ஃபோனை என் கையில் கொடுக்கவில்லை. அதிகாரி அதைத் தூக்கிப் பிடித்து, தன் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். மகள் அனுப்பிய முதல் பத்தி. 'இந்த ரவை உருவில் சிறியது. வேகம் மிகுந்தது. விலை சாதாரண ரவையைப் போல் மூன்று மடங்கு.' நானே திருத்திய வாக்கியங்கள்.

உண்மையைச் சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தேன் என்று நம்ப விரும்புகிறேன். ஆனால் குண்டு என்று ஆரம்பித்தால், கீழே அந்த வரிக்கு வரும்போது அதுவும் குண்டாகத்தான் இருக்கும். வாயிலிருந்து வந்தது இது: "இந்த ரவ சின்னது. சீக்கிரம் வேகும். சாதாரண ரவைய விட வெல மூணு மடங்கு."

வேகம் என்பதில் ஓரெழுத்துக்கு ஒரு சுழி சேர்த்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

காவலர் அதிகாரியிடம் திரும்பி, "ஷ்வேஜீ" என்றார். பர்மியத்தில் சமையல் ரவைக்கு அதுதான் சொல். அதிகாரி தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கட்டைவிரலால் தள்ளினார்.

'கையை உதறாது. பழகாதவரும் கையாளலாம்.'

"கையில ஒட்டாது. பழகாதவங்களும் கிண்டலாம்."

'உடலுக்குள் நுழைந்த பின் அதன் விளைவு குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு.'

"வயித்துக்குள்ள போனா எப்படி இருக்கும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

என் குரல் எனக்கே கேட்டது. எந்த நடுக்கமும் இல்லாமல், ஆலோசனை சொல்கிற பக்கத்து வீட்டுக்காரி மாதிரி இருந்தது. காவலர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "எந்த ரவம்மா அது, இவ்வளவு வெல? எங்கம்மா வாங்குறது கட்டி கட்டியால்ல ஆவுது" என்றார்.

"வெளிநாட்டு ரவ, தம்பி."

"வறுக்காம போடுவாங்க. அதான்."

"ஆமா. வறுக்கணும்."

அதிகாரி இன்னொரு முறை தள்ளினார். தெருவிளக்கு நன்கொடை வந்தது. அதற்கும் கீழே பாதியில் 'வார்டு ஆபிசுக்கு' என்று என் சொற்கள் எட்டிப் பார்த்தன. நான் நிறுத்தினேன்.

"படியுங்கள்."

"கண் மங்குது. கண்ணாடி கொண்டுவரல."

"இதுவரை கண்ணாடி இல்லாமல்தானே படித்தீர்கள்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். கையை அதன் மேல் வைத்துக்கொண்டு பேசினார். "உள்ளே உங்கள் மகளிடம் கேட்டேன். அவள் குண்டு என்கிறாள். குண்டைப் பற்றிய கட்டுரை, மொழிபெயர்க்கிற வேலை என்கிறாள். நீங்கள் ஷ்வேஜீ என்கிறீர்கள். உங்கள் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். உண்மை சொல்கிறவர் எதற்குச் சொல்கிறார், பொய் சொல்கிறவர் எதற்குச் சொல்கிறார், அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்."

அவள் உண்மையைச் சொல்லியிருந்தாள். அது என் தலைக்குள் எட்டவே சிறிது நேரம் ஆயிற்று. சும்மா இருந்திருந்தாலே போதும். கட்டுரையை நானே சந்தேகத்துக்குரியதாக ஆக்கிவிட்டேன். இனி அவர் அதை மட்டுமல்ல, கடைசி எழுத்து வரை பார்ப்பார்.

காவலர் தயங்கி, பர்மியத்தில் சொன்னார். "தமிழ் படிக்கிறவர் ஒருத்தர் இருக்கிறார், ஸயா. நகரத்தில் அச்சுக் கடை. என் அக்கா கல்யாண அட்டை அவர்தான் போட்டார்."

காவலர் எனக்கு உதவுகிறாரா, என்னை முடிக்கிறாரா என்று முகத்தில் தெரியவில்லை. "கூப்பிடு" என்றார் அதிகாரி.

அப்போது மணி பத்து ஐம்பது. சுவரில் கடிகாரம் இருந்தது. என்னை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. லைங் தாயா பக்கம் போகிற காலியான தொழிற்சாலை பஸ் ஒன்றை நிறுத்தி, ஓட்டுநரை இறக்கி, ஏற்றி அனுப்பினார்கள். அதிகாரி மதியம் மீன் குழம்பும் அரிசிச் சேமியாவுமான மோஹிங்கா வரவழைத்துச் சாப்பிட்டார். எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தார்கள். சாப்பிட்டேன். அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. மகள் கதவுக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டாளா என்று தெரியாமல், மீன் குழம்பை ஊதி ஊதி, கடைசி நூல் வரை சாப்பிட்டேன். எலுமிச்சை போதவில்லை என்றுகூட நினைத்தேன்.

உள்ளே ஒருமுறை நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஒருமுறை அவள் தும்மினாள். அவளுக்குத் தும்மல் எப்போதும் இரண்டிரண்டாக வரும். இரண்டாவது தும்மலுக்குக் காத்திருந்தேன், வந்தது. அதன் பிறகு இரண்டு மணி நேரம் எந்தச் சத்தமும் இல்லை.

இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு அச்சுக் கடைக்காரர் வந்தார்.

அவரை எனக்குத் தெரியும். நகரத்தில் தமிழ் எழுத்தில் எது அச்சாக வேண்டுமானாலும் அவரிடம்தான் போக வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், சாவு. மூச்சுக்காற்று கிடைக்காமல் என் கணவர் இறந்த அந்தக் கொரோனா வருடம், பதினாறாம் நாள் அட்டையை அவரிடம்தான் அடித்தேன். யாரும் வர முடியாத காலம். ஐம்பது அட்டை போதும் என்று அவராகவே குறைத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார். தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிவிக்க ஒரு வழியும் இல்லை. காவலர் தமிழ் புரிந்தவர்.

அவர் உட்கார நாற்காலி கேட்டார். ஃபோனைக் கையில் தரும்படி கேட்டார். அதிகாரி கொடுத்தார். பிறகு அவர் படித்தார். பிழை பார்க்கிறவர் படிக்கிற மாதிரி, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரல் வைத்து, உதடு அசைய, முதல் பத்தியிலிருந்து. இருபது நிமிடம் இருக்கும். விரல் எங்கே நிற்கிறது என்று நான் பார்க்கவில்லை. மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு ஆணி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"என்ன அது?" என்று அதிகாரி பர்மியத்தில் கேட்டார். "குண்டா, ஷ்வேஜீயா?"

"குண்டு" என்றார் அச்சுக் கடைக்காரர்.

நான் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கட்டுரை, ஸயா. வாங்குகிறவர்களுக்கு எழுதியது. கார் வாங்குமுன் படிப்பார்களே, அப்படி. சின்னது, வேகமானது, விலை மூன்று மடங்கு என்று சொல்கிறது. கொடுக்கிற பணத்துக்கு அவ்வளவு பிரயோஜனம் இல்லை, சாதாரண ஆட்களுக்கு மலிவானதே போதும் என்று முடிக்கிறது."

"வாங்கச் சொல்கிறதா?"

"வேண்டாம் என்கிறது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியானால் இந்தம்மா காலையில் ஷ்வேஜீ என்று படித்தது?"

அச்சுக் கடைக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. "தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், ஸயா. ரவை. உங்கள் சீஸான் என்ற சொல்லுக்குள்ளும் அரிசி என்கிற ஸான் இருக்கிறதே, அது மாதிரி. கட்டுரையும் இருக்கிறது, அம்மாவும் மகளும் நடுவில் வீட்டுக் கதை பேசியதும் இருக்கிறது. எல்லாம் கலந்து கிடக்கிறது."

அதிகாரி காவலரைப் பார்த்தார். காவலர் என்னைப் பார்த்தார், முதல் தடவையாக நேராக. "நான் கேட்டது சமையல்தான், ஸயா" என்றார்.

அதிகாரி ஃபோனை வாங்கி, காலையில் நான் நிறுத்திய இடத்துக்குத் தள்ளினார். மறக்கவில்லை அவர். அந்த வரி மேல் நகத்தை வைத்தார். "இதைச் சொல்லுங்கள்."

அச்சுக் கடைக்காரர் குனிந்தார். ஏற்கெனவே படித்துவிட்டார், எனக்குத் தெரியும். ஆனாலும் மறுபடி விரலை வைத்து, உதடு அசைய, முழுக்கப் படித்தார். ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. மழை தகரத்தில் விழுந்தது.

"ரவை உருண்டை" என்றார். "வார்டு அலுவலகத்துக்கு ஒரு பெட்டி கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று என்று கணக்கு."

அதிகாரி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கால் சிரித்தார். ஃபோன் இங்கேயே இருக்கும் என்றார். என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளைத் தள்ளினார். காவலரிடம் கதவைத் திறந்து பெண்ணை வெளியே கூட்டிவரச் சொன்னார். காவலர் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, மறுபடி அச்சுக் கடைக்காரரிடம் திரும்பினார்.

"வார்டு அலுவலகத்தில் என் மச்சான் இருக்கிறான். அப்படி ஒரு பெட்டி வந்ததாக அவன் சொல்லவில்லையே?"

அச்சுக் கடைக்காரர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

"ரவை விற்கிற விலைக்கு எப்படி அனுப்புவார்கள், ஸயா?" என்றார்.